தண்ணீரைப் புதைத்த நண்டு

அந்தக் காலத்தில் மரத்துக்கும் பறவைக்கும் கடலுக்கும் வாய் இருந்தது. நண்டுக்கு மட்டும் இரண்டு வாய் என்று பேசிக்கொள்வார்கள். கழிமுகத்துக் கரையில் இருந்த அந்த நண்டுப் பெண் யாரிடமும் வாதத்தில் தோற்றதே இல்லை. அப்போதெல்லாம் நேராகத்தான் நடப்பாள். எதிரே யார் வந்தாலும் ஒதுங்க மாட்டாள்.

அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி வெண்கண்டல் மரம். கடல்நீரை வேரால் உறிஞ்சி, உப்பை இலையில் நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீரைக் கீழே சொட்டவிடுவாள். கரையில் இருந்த எல்லா உயிருக்கும் அதுதான் குடிநீர். மழைக்காலத்தில் கடலில் உப்பு குறையும். கண்டல் ஓயாமல் வடிகட்டுவாள், குடிக்கத்தான் ஆளிருக்காது. மிச்சமெல்லாம் மறுபடி கடலுக்கே ஓடும். கோடையிலோ, கண்டலுக்குத் தன் தொண்டையை நனைக்கவே சரியாக இருக்கும். போன கோடையில் ஆள்காட்டிக் குருவியின் குஞ்சுகள் தாகத்தில் செத்துப்போயின.

"இது என்ன அநியாயம்?" என்று கொடுக்கைத் தூக்கினாள் நண்டு. "பாடுபட்டு உப்பைப் பிரிக்கிறாய். அப்புறம் உப்புக்குள்ளேயே கொண்டுபோய்க் கொட்டுகிறாய். கேட்க ஆளில்லையா?"

"வேறெங்கே வைக்கச் சொல்கிறாய்?" என்றாள் கண்டல். "போன வருஷம் பள்ளத்தில் தேக்கினோமே, மொத்தத்தையும் வெயில் நக்கிவிட்டுப் போனதே, மறந்தாச்சா?"

நண்டு வளைக்குள் போய் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடம் சில்லென்றது. மழை விட்டுப் பல நாளாகி, மேலே மணல் சுட்டுக்கொண்டிருந்தது. உள்ளே மட்டும் ஈரம் காயவில்லை.

"வெயிலுக்கு என் வீட்டு வாசல் தெரியாது!" என்று கத்திக்கொண்டே வெளியே ஓடிவந்தாள்.

அன்றே மணல்மேடு முழுக்க வளை தோண்டத் தொடங்கினாள். கண்டலின் மிச்சத் தண்ணீர் ஒவ்வொரு வளையிலும் குடுகுடுவென்று இறங்கியது.

கொக்கண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தான். "தண்ணீரைப் புதைக்கிறாளாம்! முளைத்தால் எனக்கும் ஒரு கன்று கொடு தங்கச்சி."

"கோடையில் அலகைத் திறந்துகொண்டு வருவீங்கல்ல, அப்போ பேசிக்கறேன் அண்ணே!"

கோடை வந்தது. ஆள்காட்டி மறுபடி அடைகாத்தாள். ஆனால் புதைத்த தண்ணீர் கொடுக்குக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிப்போயிருந்தது. நண்டு அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்துக் கடல் மணலுக்கு அடியில் வந்து முட்டினாள்.

"ஏண்டி பொடிசு, என் தண்ணீரைத் திருடிப் புதைத்திருக்கிறாயாமே?"

"உன் தண்ணீரா? உன் உப்பு இலையில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள். பிரித்தது கண்டல், புதைத்தது நான். உனக்கு இதில் என்ன வேலை?"

"உப்பு போனால் தண்ணீர் என்னுடையது இல்லையா? வழி விடு. இல்லாவிட்டால் மேட்டையே கலக்கிவிடுவேன்!"

நண்டு வாயெடுத்தாள். அவளிடம் இன்னும் நூறு பதில் இருந்தது.

"நீதான் ஜெயிப்பாய் நண்டு," என்றாள் ஆள்காட்டி, முட்டைமேல் இருந்து அசையாமல். "அதற்குள் தண்ணீர் உப்பாகிவிடுமே."

நண்டு எடுத்த வாயை மூடினாள். பிறகு, "சரி, மேல்பாதி எங்களுக்கு, கீழ்ப்பாதி உனக்கு. கலக்காமல் வா," என்று சொல்லி, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு பக்கமாய் ஒதுங்கினாள்.

ஆழமெல்லாம் தனக்கே என்று கடல் குஷியாக நுழைந்தாள். உப்புக்காரி ஆயிற்றே, கனம். போய் அடியில் படுத்தாள். கனமில்லாத நல்ல தண்ணீர் அவள் முதுகில் ஏறி மிதந்து, மேலே மேலே வந்து, நண்டின் காலை நனைத்தது.

"அடிப்பாவி! என்னையே சும்மாடாக்கிவிட்டாயே!"

"சத்தியமாய் எனக்கே தெரியாது கடலம்மா!"

கடலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "போ, சுமந்து தொலைக்கிறேன். என் பாதியில் கைவைத்தால் மட்டும் உப்புதான், பார்த்துக்கொள்."

சில நாளில் ஆள்காட்டிக் குஞ்சுகள் மணலில் பறித்த சிறு குழியில் அலகை நனைத்தன. பின்னாலேயே அசடு வழிய வந்தான் கொக்கு.

"கன்று முளைச்சிடுச்சு அண்ணே," என்றாள் நண்டு. "வரிசையில் நில்லுங்க."

அன்று முதல்தான் கடலோர மணலைக் கையால் பறித்தால் நல்ல தண்ணீர் ஊறுகிறது, ஆசைப்பட்டு ஆழமாய்த் தோண்டினால் உப்பு ஏறுகிறது. நண்டு பக்கவாட்டில் நடப்பதும் அன்று முதல்தான், கடலுக்கு வழிவிட்டபடி. கொடுக்கை மட்டும் அவள் இன்னும் இறக்கவில்லை. அந்த நூறு பதில் அப்படியே இருக்கிறதே!