சுவர் வந்து சேராத இடம்

மலையடிவாரத்து மடத்தில் குருவான தில்லையம்மைக்கு நாற்பது வயது. ஒரு காலத்தில் மருத்துவக் கல்லூரியில் கரு வளர்கிற பாடத்தை நடத்தியவர். அவருடைய சீடர் மாசிலாமணிக்கு அறுபது. பஸ் கண்டக்டராக இருந்து போன மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார்.

பேத்தி பிறந்த மறுவாரம் பையைத் தூக்கிக்கொண்டு மடத்துக்கு வந்த மனிதர், திரும்பிப் போகிற பேச்சையே எடுக்கவில்லை. மகள் மங்கை தினமும் போன் செய்தாள்.

“அப்பா, பாப்பாவ நீங்க இன்னும் கையிலகூட வாங்கல.”

“இங்க கட்டட வேலை நடக்குதும்மா. நான் இல்லன்னா ஓடாது.”

அவர் இல்லாவிட்டால் வேலை இன்னும் நன்றாக ஓடும். கொத்தனாரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

மடத்தின் அன்னதானக் கூடம் ஒரே பெரிய அறை. அடுப்பும் பந்தியும் அதிலேயேதான். சாப்பிட உட்கார்ந்தவர்கள் புகையில் கண்ணைக் கசக்குவதைப் பார்த்து, நடுவே ஒரு சுவர் எழுப்பச் சொன்னார் அம்மை.

“வேலை முடியற வரைக்கும் பந்திய நிறுத்திடலாமா அம்மா?” என்று கேட்டார் மாசிலாமணி.

“மலை ஏறி இறங்கறவங்க பசியோட வருவாங்க. பந்தி நடக்கட்டும். சுவரும் எழும்பட்டும்.”

அப்படியே நடந்தது. இந்தப் பக்கத்திலிருந்து ஒரு சுவர் வளர்ந்து வந்தது, அந்தப் பக்கத்திலிருந்து இன்னொன்று. நடுவில் மிச்சமிருந்த இடைவெளியில் சோற்றுக் கூடையும் சாம்பார் வாளியும் போய் வந்தன. மாசிலாமணி ஓரமாக நின்று, “உள்ள போங்க, உள்ள போங்க” என்று பழைய ஞாபகத்தில் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார்.

பந்தி முடிந்ததும் அம்மை அவரைக் கூப்பிட்டார்.

“ஊருக்கு ஏன் போகல?”

மாசிலாமணி தரையைப் பார்த்தார். “குழந்தைக்கு இதயத்துல ஓட்டைம்மா. கீழ் அறை ரெண்டுக்கும் நடுவுல. சின்னதுதான், தானா மூடிக்கலாம், இல்லன்னா நாங்க மூடிடுவோம்னு டாக்டர் சொல்றார். ஆனா அந்த ஓட்டையப் போட்டது நான்.”

“நீங்களா?”

“மங்கை ஆறாம் மாசம் என் பஸ்ல ஏறினா. முன் சீட்டெல்லாம் ஆள். சொந்தப் பொண்ணுக்காக ஒருத்தர எழுப்பினா நாலு பேர் என்ன பேசுவாங்கன்னு, கடைசி சீட்டுக்கு அனுப்பிட்டேன். ஒரு பள்ளத்துல பஸ் தூக்கிப் போட்டுச்சு. வயித்தப் பிடிச்சுக்கிட்டு ‘அப்பா’ன்னு கத்தினா. அந்தக் குலுக்கல்லதான்...”

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அம்மை எழுந்து அவரைக் கூடத்துக்குக் கூட்டிப் போனார். இரண்டு சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளிக்கு எதிரே நிறுத்தினார்.

“இத இடிச்சது யாரு?”

“யாரும் இடிக்கலம்மா. முன்னால எல்லாமே வெட்டவெளிதானே. சுவர்தான் இன்னும் இங்க வந்து சேரல.”

சொன்னவர் அப்படியே நின்றார்.

“இதயமும் முதல்ல ஒரே கூடம்தான்” என்றார் அம்மை. “துடிக்கிறத நிறுத்திட்டுச் சுவர் எழுப்ப முடியாது. ரத்தம் போய்க்கிட்டே இருக்கும். கீழேயிருந்து சுவர் ஏறும், மேலேயிருந்து கொஞ்சம் இறங்கும். சில குழந்தைங்களுக்கு ரெண்டும் ஒரு இடத்துல சந்திக்காம நின்னுடும்.”

“ஏம்மா நின்னுடுது?”

“பல சமயம் காரணமே தெரியாது. நானும் வருஷக்கணக்கா தேடியிருக்கேன்.”

“இதெல்லாம் எப்ப நடக்கும்?”

“மூணாம் மாசம் முடியறதுக்குள்ள.”

மாசிலாமணி விரல்விட்டு எண்ணினார். நாலு, அஞ்சு, ஆறு. நம்பாமல் மறுபடியும் எண்ணினார். பிறகு ஈரச் சிமெண்ட் என்றும் பாராமல் சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதார். கொத்தனார் பதறிக்கொண்டு ஓடி வந்தார். ஆளைப் பார்த்ததும், சுவரைப் பற்றிச் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுத் திரும்பிப் போனார்.

அழுது முடித்தபோது நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியிருந்தது. பேத்தியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை, அத்தனை நாள் அடக்கி வைத்ததற்கும் சேர்த்து வந்தது. ஓடிப் போய்ப் பையை எடுத்துக்கொண்டார். முகமெல்லாம் சிமெண்டும் சிரிப்புமாக வாசல்வரை போனவர், செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

“அம்மா, அப்போ நான் ஒரு தப்பும் பண்ணலையே?”

“போய் மங்கையையும் குழந்தையையும் கூட்டிட்டு வாங்க” என்றார் அம்மை. “முன் சீட்டுல ஆள் இருந்தா, எழுந்திருக்கச் சொல்லுங்க.”