தெருவுக்குத் தெரியாத மாடி

ஏழு கடலுக்கு அந்தாண்ட ஸ்பெயினுன்னு ஒரு தேசம், அந்தத் தேசத்துல ஒரு ஊரு, அந்த ஊர்ல ஒலாயான்னு ஒருத்தி இருந்தாளாம். ஊரார் துணியை ஆத்துல தொவைக்கிறதுதான் பொழப்பு. காலையில குனிஞ்சவ பொழுது சாஞ்சாத்தான் நிமிருவா. புருஷன் போயிட்டான், புள்ளகுட்டி இல்ல. மாடியில ஒரு கட்டிலு, அதுல காலை நீட்டிப் படுக்கிறது ஒண்ணுதான் அவளுக்கு சொகம்.

அப்புறம் என்னாச்சு, ராஜா திடீர்னு, "இனிமே இதுதான் என் தலைநகரம்"னுட்டாரு. சொல்றது சுலபம், கூட வந்த கூட்டம் எங்க தங்கும்? அதுக்கு ஒரு சட்டம் போட்டாரு: மாடி வீட்டுக்காரங்க மாடியை அரண்மனை ஆளுக்குச் சும்மா விட்டுரணும், மாடியில்லாத வீட்டுக்கு அது கெடையாது. இதைப் பாத்து எழுத பெல்த்ரான்னு ஒரு அதிகாரி. கையால வேலை செஞ்சா மானம் போயிரும்னு நெனைக்கிற பெரிய வம்சம்.

மொதல்ல ராஜாவோட கையுறையைத் தூக்கறவன் வந்தான், மாடிக்குப் போனான், ஒலாயா அடுப்படியில படுத்தா. அவன் போயி தொப்பியைத் தூக்கறவன் வந்தான், ஒலாயா அடுப்படியில படுத்தா. அவனும் போயி ராஜாவோட கிளிக்குப் பழம் நறுக்கறவன் வந்தான், அப்பவும் அடுப்படிதான். சிரிக்காதீங்க, அவளுக்குச் சிரிப்பு வரல.

"ஐயா, இடுப்பு ஒடியுது, என் கட்டிலை மட்டுமாவது குடுத்துருங்க"ன்னு பெல்த்ரான்கிட்ட கேட்டா.

"தொவைக்கிறவளுக்குக் கட்டில் எதுக்கு? சட்டம்னா சட்டம்"னான் அவன்.

அப்புறம் அந்தக் கிளி செத்துது, கிளிக்காரனும் போனான். ஒலாயா ஒரு கொத்தனார்கிட்ட, "ஒரு வருஷம் உங்க வீட்டுத் துணியைச் சும்மா தொவைக்கிறேன்"னு சொல்லி, தெருப்பக்கம் கூரையைத் தாழ எறக்கி, கொல்லைப்பக்கம் ஒசத்திப்புட்டா. தெருவுல நின்னா குட்டி வீடு, மாடி பூரா பின்னால.

பெல்த்ரான் வந்தான். "மாடி எங்க?"

"உள்ள வந்து நீங்களே பாருங்க ஐயா."

உள்ள போகணும்னா சொட்டச் சொட்டத் தொங்குற ஈரத்துணிக்கு அடியில குனியணும். "இவ வீட்டுல நான் குனியறதா? தெருவுல நின்னா என்ன தெரியுதோ அதுதான் வீடு, ஊருக்கே இனி அதுதான்"னு எழுதி, கையெழுத்தும் போட்டு முத்திரையும் குத்திட்டான்.

இப்ப அவன் வீட்டைக் கேளுங்க. தெருப்பக்கம் மூணு மாடிக்கு ஜன்னலு, உச்சியில கல்லுச் சிங்கம். பின்னால ஒரே ஒரு ரூமும் அடுப்படியும். மத்ததெல்லாம் ஊருக்குக் காட்ட எழுப்பின வெறும் செவுரு.

மறுவாரம் ராஜாவோட வேட்டை நாய்க்காரன் பன்னெண்டு நாயோட வந்து வாசல்ல நின்னான். "தெருவுல மூணு மாடி தெரியுது, உங்க கையெழுத்துதான் இது"ன்னு காயிதத்தை நீட்டினான். தெருவே வேடிக்கை பாக்குது. வெறும் செவுருன்னு சொன்னா வம்சத்து மானம் போயிரும். சொல்லுவானா?

"மாடி எங்க பெரியவங்களுக்கு ஆகிவந்த எடம். நீங்க கீழ் ரூமை எடுத்துக்குங்க"ன்னான். கட்டில்ல நாய்க்காரன், தரையெல்லாம் நாயி. பெல்த்ரான் அடுப்படிக்குப் போனான்.

பத்து நாள் கழிச்சு இடுப்பைப் புடிச்சுக்கிட்டு ஆத்தோரமா வந்தான். ஒலாயா பாத்தா. திட்டணும்னு இருந்துது, திட்டறதுக்குத் தெம்பில்ல.

"அடுப்புச் செவுத்தோரமா படுங்க ஐயா. அங்கதான் கொஞ்சம் சூடு இருக்கும்"னா.

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அவ துணியை அள்ளிக்கிட்டு வீட்டுக்குப் போனா, மாடி ஏறினா, கட்டில்ல காலை நீட்டினா.

அவளும் நீட்டிட்டா, நானும் நீட்டறேன், கதையும் நீட்டிப் படுத்துக்கிச்சு. அந்தப் போர்வையை இப்படித் தள்ளு.