எலி ஓட்டையோடு ஒரு புது கார்ப்பெட்

பொள்ளாச்சிப் பக்கம் ஓடைப்பாளையம் என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடியே செய்துவிடுவார்கள். அவர்களிடம் உள்ள ஒரே ஆபத்து அதுதான்.

அந்த ஊர் சென்னியப்பனிடம் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது. முப்பத்தாறு வயதாகியும் அவனுக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. இப்போது மேட்டுக்காட்டிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பெண் கோகிலவாணிக்குப் பழைய கார் என்றால் உயிராம். “மாப்பிள்ளை கார்லயே வரட்டும், காரைப் பார்த்துட்டுத்தான் பொண்ணு முடிவு சொல்லுமாம்” என்றார் தரகர். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு பிடித்துவிட்டது, பாவம்.

காருக்குள் தரையில் கிடந்த கார்ப்பெட்தான் மானத்தை வாங்கியது. எலி கடித்து, டீ கொட்டி, மழையில் ஊறி, பக்கத்தில் போனாலே மூக்கைப் பிடிக்க வைத்தது. குஷன் கடைக்காரருக்கு வர நேரமில்லை. புது கார்ப்பெட் ஒரு சுருளைக் கொடுத்து, வழியும் சொல்லி அனுப்பினார்:

“சீட்டைக் கழட்டிட்டுப் பழசைக் கிழியாம எடுங்க. அதைக் கவுத்துப் போட்டு, புதுசுல அதே மாதிரி வெட்டுங்க. எங்கெங்க ஓட்டை இருக்குதோ அங்கங்க ஓட்டை போடோணும். ஒண்ணையும் விட்டுறாதீங்க.”

ஒத்தாசைக்கு அக்கா புருஷன் நல்லசாமியும், சித்தப்பா மகன் அங்கமுத்துவும் வந்தார்கள். சீட்டு போல்ட்டுக்கு ஓட்டை, பெடலுக்கு ஓட்டை எல்லாம் மளமளவென்று விழுந்தன. எலி ஓட்டை வந்ததும் கத்தரிக்கோல் நின்றது.

“இதையும் போடோணுமுங்களா?” என்றான் அங்கமுத்து.

“ஒண்ணையும் விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு” என்றார் நல்லசாமி.

“ஆனா இது எலி கடிச்சதுங்களே. நாம கத்தரிக்கோல்ல வெட்டுனா அதே மாதிரி வருமுங்களா?”

மூவரும் ஆழ்ந்து யோசித்தார்கள். எலி பிடித்து வருவதற்கு நேரமில்லை என்பதால், அங்கமுத்துவே குனிந்து ஓரத்தைப் பல்லால் கடித்துக் கொடுத்தான். வேலை சுத்தம். டீக்கறை இருந்த இடத்தில் சென்னியப்பன் தன் கையாலேயே அரை டம்ளர் டீயை ஊற்றினான். சர்க்கரை போட்ட டீயா, போடாததா என்பது மட்டும் அவனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

கார்ப்பெட்டைக் காருக்குள் விரித்தபோதுதான் தப்பு தெரிந்தது. பெடலுக்குப் போட்ட ஓட்டைகள், பெடலே இல்லாத இடது பக்கம் இருந்தன. கடைக்காரர் பழசைத்தான் கவிழ்க்கச் சொன்னார், புதுசைக் கவிழ்க்கச் சொல்லவில்லை. இவர்களும் கவிழ்க்கவில்லை.

“போச்சு மச்சா! என் கல்யாணமே போச்சு!” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான் சென்னியப்பன்.

கொட்டகைக்குள் ஒரு பக்கம் வாசலும் மறு பக்கம் சுவருமாக நின்ற காரை நல்லசாமி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “மாப்ளே, ஓட்டை எந்தப் பக்கம் இருக்கோணும்?”

“வாசப் பக்கம்.”

“இப்ப எந்தப் பக்கம் இருக்குது?”

“செவுத்துப் பக்கம்.”

“அவ்வளவுதானே? காரைத் திருப்பி நிறுத்து.”

மூவரும் காரை வெளியே தள்ளி, திருப்பி, மறுபடி உள்ளே தள்ளினார்கள். ஓட்டைகள் வாசல் பக்கம் வந்துவிட்டன! சென்னியப்பன் மச்சானின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“இப்ப வண்டி பின்னாடி பார்த்து நிக்குதுங்களே?” என்றான் அங்கமுத்து.

“அதனால ரிவர்ஸ்லயே ஓட்டோணும். முன்னாடி ஓட்டுனா கார்ப்பெட் மறுபடி தப்பாயிரும்” என்று தீர்ப்புச் சொன்னார் நல்லசாமி.

கார்ப்பெட்டை ஒட்டிச் சீட்டையும் மாட்டியாயிற்று. பெடல்கள் அதற்கு அடியில் மூன்று மேடுகளாகத் தெரிந்தன. எந்த மேடு பிரேக் என்று சென்னியப்பன் காலால் தடவிப் பார்த்து வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை மேட்டுக்காட்டுக்குக் கிளம்பினார்கள். வழியெல்லாம் ரிவர்ஸ்தான். டிக்கி மேல் உட்கார்ந்து அங்கமுத்து வழி சொன்னான். பெண் வீட்டு வாசலில் நின்றிருந்த அவள் அப்பா, காரின் முகம் அந்தப் பக்கம் பார்த்திருப்பதைக் கண்டு பதறிப்போனார்.

“ஐயோ, ஒரு வாய் காப்பி கூடக் குடிக்காம போறாங்களே! நில்லுங்க! நில்லுங்க!”

சென்னியப்பன் ஒரு மேட்டை மிதித்தான். நல்லவேளை, அது பிரேக். சொன்ன இடத்தில் வண்டி நின்றது. “கூப்பிட்டதும் நின்னுட்டாரே, நல்ல குணம்” என்று அவர் உருகிப்போனார்.

கோகிலவாணி காருக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் எலி ஓட்டையைத் தொட்டாள். டீக்கறையைத் தடவினாள். அவளுக்குக் கண் கலங்கியது.

“அந்தக் காலத்துக் கார்ப்பெட்டுங்களா? இத்தனை வருசமா மாத்தாமயே வெச்சிருக்கீங்களே!”

“இல்லீங்க, நேத்துப் போட்டதுங்க” என்றான் சென்னியப்பன்.

எவ்வளவு அடக்கம் என்று வீடே பூரித்தது. அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். “வீட்டுல கலந்து பேசிட்டு, அடுத்த தடவை நீங்க வரும்போது தட்டு வெச்சு முடிவு சொல்றோமுங்க” என்றார் அப்பா.

மூவரும் காரைத் திருப்பினார்கள், திரும்பிப் போவதும் ரிவர்ஸில்தானே. காரின் முகம் வீட்டைப் பார்க்க, வண்டி ஊரைப் பார்த்து நகர்ந்தது.

உள்ளே கலந்து பேசி முடித்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்த பெண்ணின் அம்மா கத்தினாள்: “ஏனுங்க, மாப்பிள்ளை மறுபடி வர்றாருங்க! தட்டை எடுங்க!”

வெற்றிலை பாக்குத் தட்டோடு குடும்பமே வாசலுக்கு ஓடிவந்து நின்றது. கோகிலவாணி நடுவில், புதுப் பூ வைத்துக்கொண்டு. வழியனுப்ப இத்தனை மரியாதையா என்று சென்னியப்பன் நெகிழ்ந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

“வந்துட்டே இருக்காருங்களா?” என்று அம்மா கேட்டாள்.

அப்பா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

“வந்துட்டேதான் இருக்காரு. ஆனா வர வரச் சின்னதாயிட்டே வர்றாரு. எதுக்கும் தாலியைச் சின்னதாவே செய்யச் சொல்லீரலாம்.”