புளி போட்டுத் தேய்த்த அரையணா

இந்தக் கதையில் சீடருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு நாற்பத்து நான்கு. இரண்டு பேருமே காவி கட்டியவர்கள் அல்ல, காட்டில் இருந்தவர்களும் அல்ல.

சீடர் வைரவன், மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். குரு ஜெபராணி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பழைய காசுகளில் வெரைட்டி பார்ப்பதில் அந்த அம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது. எந்த ஊரில் நாணயக் கண்காட்சி நடந்தாலும் டீச்சர் வருவார். அவருக்குப் பின்னால் நாலடி தள்ளி, கழுத்தில் லென்ஸைத் தொங்கவிட்டுக்கொண்டு வைரவன் வருவார்.

"என்னண்ணே, கிளாசுக்கு லீவே கிடையாதா?" என்று வியாபாரிகள் கேலி செய்வார்கள்.

வைரவனுக்கு அதில் பெருமைதான்.

வெரைட்டி என்பது வேறொன்றுமில்லை. ஒரே வருஷத்துக் காசு, ஒரே செம்பு, ஒரே முகம். அச்சு வெட்டியவன் கை எங்கோ ஒரு நூல் பிசகியிருக்கும். ஆயிரம் காசைப் புரட்டினால் ஒன்றில் அந்தப் பிசகு தெரியும். விற்கிறவனுக்கே தெரியாமல் அவன் தட்டிலேயே அது கிடக்கும். தெரிந்தவன் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாத அப்பாவிபோல வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவான். இந்த வேட்டையில் வெடிச் சத்தம் கிடையாது, அவ்வளவுதான்.

வைரவன் தேடியது ராணி காலத்து அரையணா ஒன்று. வருஷ எண்ணுக்குக் கீழே நடுவில் இருக்கவேண்டிய புள்ளி, இடப்பக்கம் தள்ளி விழுந்த காசு. படத்தில் பார்த்திருக்கிறார். கனவில்கூடப் பார்த்திருக்கிறார். கையில் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில். கடைசி மேசையின் ஓரத்தில், யாரோ பாவம் பார்த்து விட்டுக்கொடுத்த ஒரு முழ இடத்தில், ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி ஒரு தூக்குவாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாளி நிறையச் செப்புக் காசு.

"உங்க காசாம்மா?" என்று கேட்டபடியே வைரவன் வாளிக்குள் கையை விட்டார்.

"எங்க வீட்டுக்காரரு சேத்தது சார். துறையூர்ல பழைய பாத்திரக் கடை. எடைக்கு வர்ற செம்புல இதெல்லாம் கலந்து வரும். தனியா எடுத்து வச்சுக்குவாரு."

"அவரு வரலையா?"

"ஆஸ்பத்திரில கெடக்குறாரு. சர்க்கரை. கட்டை விரல்ல புண்ணு வந்து கறுத்துப் போச்சு. ரத்தக் குழாய்ல அடைப்பை எடுத்தா காலு தங்கும்ங்கறாங்க. புதன்கிழமைக்குள்ள ஒரு லட்சம் கட்டணுமாம். இல்லன்னா முழங்காலோட எடுத்துருவோம்னு சொல்லிட்டாங்க."

"அடடா" என்றார் வைரவன்.

இரக்கப்பட்டார். அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் இரக்கம் வாயில் இருந்தது, கை வாளிக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தவரின் விரல் ஒரு காசில் நின்றது.

அரையணா. வருஷ எண். அதற்குக் கீழே புள்ளி. இடப்பக்கம் தள்ளி.

நூற்றைம்பது வருஷம் கை படாத செம்பு எப்படி இருக்குமோ அப்படி, காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. ஒரு கீறல் கிடையாது. இந்தத் தொழிலில் அந்த நிறத்துக்குத்தான் விலை.

டீச்சர் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அவருக்கு மனப்பாடம். பார்த்ததைக் கண்ணில் காட்டக்கூடாது. பிடித்த காசை விட்டுவிட்டுப் பக்கத்துக் காசைக் கையில் எடுக்கவேண்டும். வைரவன் பக்கத்துக் காசை எடுத்தார்.

"இதெல்லாம் என்ன விலை சொல்றீங்க?"

"எனக்கு என்ன சார் தெரியும்? ஒண்ணு இருநூறு ரூபா குடுப்பீங்களா?"

இருநூறை எடுத்து நீட்டியிருக்கலாம். ஆனால் கேட்ட விலையை அப்படியே கொடுத்தால் எவனுக்கும் சந்தேகம் வரும். அடுத்த மேசைக்காரன் வேறு இந்தப் பக்கமே காதை வைத்துக்கொண்டிருந்தான்.

"இருநூறா? இந்த அழுக்குக்கா? கருகருன்னு பாசி பிடிச்சுக் கெடக்கு. இதை யாரும்மா வாங்குவா? அம்பது ரூபான்னா சொல்லுங்க."

அவள் முகம் விழுந்துவிட்டது. "நூறாவது குடுங்க சார்."

"சாப்பிட்டுட்டு வர்றேன். யோசிச்சு வைங்க."

கொஞ்சம் ஆறவிட்டால்தான் பேரம் படியும். இது யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. அவராகவே கற்றுக்கொண்டது.

பந்தியில் டீச்சருக்குப் பக்கத்து இலை காலியாக இருந்தது. வைரவன் அங்கே உட்கார்ந்து, குனிந்து அவர் காதோரமாகச் சொன்னார்.

"டீச்சர், கிடைச்சிடுச்சு."

"அரையணாவா? வாங்கிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. ஆறவிட்டிருக்கேன்." சந்தோஷத்தில் எல்லாவற்றையும் சொன்னார். வாளி, பாத்திரக் கடை, ஆஸ்பத்திரி, கால், புதன்கிழமை. அந்தம்மாவுக்குச் செலவுக்கு ஐயாயிரம் தனியாகக் கொடுக்கப்போவதாகவும் சொன்னார். சொல்லும்போது தான் நல்லவன் என்று அவருக்கே தோன்றியது.

ஜெபராணி சாதத்தில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"உடனே போய் அது என்ன காசுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

"சொன்னா…"

"கால் தங்கும்."

வைரவன் இலையைப் பார்த்தார். அப்போதுதான் சாதத்தில் சாம்பார் ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள்.

"இதை முடிச்சுட்டு வந்துடறேன் டீச்சர்."

மெதுவாகத்தான் சாப்பிட்டார். மனம் இல்லாத காரியத்துக்குப் போகிறவன் எப்படிச் சாப்பிடுவானோ அப்படி. டீச்சர் கை கழுவிவிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

இருவரும் மேசைக்குப் போனபோது அந்தப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க சார்! நீங்க சொன்னது நெசந்தான். எனக்கே பாக்கச் சகிக்கல. சமையக்காரர்கிட்ட ஒரு பிடி புளியும் தேங்கா நாரும் வாங்கி, உப்பும் போட்டுத் தேச்சு எடுத்துட்டேன். பாத்திரக் கடைக்காரி கை சார், எப்படி இருக்கு பாருங்க!"

துண்டின் மேல் காசுகள் பரப்பியிருந்தன. அத்தனையும் புதுச் செம்புக் குடம் போலப் பளபளத்தன. அரையணா நடுவில் கிடந்தது. ராணியின் மூக்கு மழுங்கியிருந்தது. புள்ளி இருந்த இடத்தில் நாரின் கீறல்கள்.

"இப்ப இருநூறு குடுக்கலாம்ல சார்?"

ஜெபராணி லென்ஸை வைத்து ஒரு முறை பார்த்தார். காசை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போய் மண்டபத்துப் படியில் உட்கார்ந்தார். வைரவனும் பின்னாலேயே போனார்.

"இப்ப என்ன போகும் டீச்சர்?"

"ஆயிரம் ரூபாய்க்குப் போனா பெரிசு."

"காலையில இருந்த மாதிரி இருந்தா?"

"ஒண்ணரை லட்சத்தை நின்ன இடத்துல எண்ணிக் குடுத்திருப்பாங்க."

வைரவன் நெற்றியில் அடித்துக்கொண்டார். அந்தக் காசுக்காக எத்தனை ஊர், எத்தனை பஸ், எத்தனை லாட்ஜ்! அவருக்கு அழுகையே வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்த அழுகை கோபமாகத் திரும்பியது.

"பாத்ததைக் கண்ணுல காட்டாதீங்கன்னு நீங்கதானே டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமா" என்றார் ஜெபராணி. "அதுல என் பங்கு எனக்கு இருக்கு. அதை நான் பாத்துக்கறேன். உங்க பங்குக்கு நீங்க போங்க."

"எங்க?"

"அந்தம்மாகிட்ட. நடந்ததைச் சொல்லிட்டு வாங்க."

வைரவன் போனார். அவள் எதிரே நின்று சொன்னார்.

"அம்மா, இந்த அரையணா லேசுப்பட்டதில்ல. தேய்க்காம இருந்திருந்தா ஒரு லட்சத்துக்கு மேல போயிருக்கும். தேச்சதுல எல்லாம் போயிருச்சு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். நகக்கண்ணில் புளியும் செம்புக் கறையும் அப்படியே இருந்தன.

"என் கையாலயா சார்?"

வைரவன் வாயைத் திறந்தார்.

"அப்ப என் கையாலயே அவரு காலை எடுத்துட்டேனா?"

அந்த இடத்தில் ஒரே ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருந்தது. அவர் வாயிலிருந்து வேறு வார்த்தைதான் வந்தது.

"நீங்க தெரியாமத்தானேம்மா செஞ்சீங்க."

அவள் சத்தமில்லாமல் அழுதாள். வைரவன் சட்டைப்பையிலிருந்து இரண்டாயிரம் ரூபாயை எடுத்துத் துண்டின் மேல் வைத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும் சார். வேற யாராச்சும்னா சொல்லாமலே போயிருப்பாங்க."

வைரவன் படிக்குத் திரும்பி வந்தபோது டீச்சர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். தன்னிடமிருந்த மிக நல்ல காசு இரண்டை அன்றைக்கே விலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்முனையில் சொன்ன விலை ஆஸ்பத்திரிக்குக் கட்டவேண்டியதில் பாதிக்குக்கூடக் காணாது. "சரி, ஆள் அனுப்புங்க" என்று போனை வைத்தார்.

"சொல்லிட்டேன் டீச்சர்."

"என்ன சொன்னீங்க?"

"தேச்சதால விலை போச்சுன்னு."

"அவங்க எதுக்குத் தேச்சாங்கன்னு சொன்னீங்களா?"

வைரவன் கழுத்தில் தொங்கிய லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார்.

"என்ன சொல்லி அழுதாங்க?"

"தன் கையாலயே அவரு காலை எடுத்துட்டேன்னு…"

கதவு வழியாக உள்ளே கடைசி மேசை தெரிந்தது. அந்தப் பெண் காசுகளை அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கை போடுவாள், நிறுத்துவாள், உள்ளங்கையைப் பார்ப்பாள். பிறகு இன்னொரு கை.

"போங்க" என்றார் ஜெபராணி. "அவங்க தலையில ஏத்திட்டு வந்ததை இறக்கிட்டு வாங்க. அந்த மனுஷன் கட்டையை ஊன்றி நடக்குற ஒவ்வொரு நாளும் அவங்க அதைச் சுமக்கணுமா?"

வைரவன் திரும்பினார். இரண்டு படி ஏறினார். அப்படியே நின்றார்.

"டீச்சர், என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. இப்ப போய் இதைச் சொன்னா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"உள்ளதைத்தான்" என்றார் ஜெபராணி.