வான்செவிக்குப் பதினாறு இரவு

செங்காட்டு நாட்டை ஆண்ட வீரகேது ராஜாவுக்கு ஆசைகள் எல்லாமே பெரியவை. கோட்டைக்கு வெளியே, வெட்டவெளியில், தெப்பக்குளம் அளவுக்கு ஒரு வெண்கலக் கிண்ணம் வார்த்து, வானத்தைப் பார்க்க நிறுத்தியிருந்தார். வான்செவி என்று பெயர். கண்ணுக்கே தெரியாத நட்சத்திரத்தின் முனகலைக்கூட அது பிடித்துத் தரும்.

அதில் கேட்க விரும்பும் அறிஞர்கள், எத்தனை இரவு வேண்டும் என்று விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் அமைச்சர் சண்பகராயரிடம் போகும். அவர் படிக்க மாட்டார், பாதியாக வெட்டுவார். இது தெரிந்து அறிஞர்கள் இரட்டிப்பாகக் கேட்பார்கள். இரண்டு பொய்யும் ஒன்றையொன்று சரிக்கட்டி, நாடு சுகமாக நடந்தது.

வான்செவியின் காவலன் குழைக்காதனுக்கு மட்டும் இந்த வழக்கம் கைவரவில்லை. ‘என் பிறந்த நட்சத்திரம் என்ன சொல்கிறது என்று கேட்டு வா’ என ராஜா உத்தரவிட்டதும், உட்கார்ந்து கணக்குப் போட்டு, தேவையானதையே கேட்டுவிட்டான்: பதினாறு இரவு.

“எட்டு,” என்றார் சண்பகராயர்.

“ஐயா, அது ரொம்பச் சன்னமான குரல். ஒரு இரவு கேட்டால் வெறும் இரைச்சல்தான். பல இரவு கேட்டதைச் சேர்க்கச் சேர்க்கத்தான் இரைச்சல் அமுங்கும், குரல் மேலே வரும். பதினாறுக்குக் குறைந்தால் எது குரல், எது இரைச்சல் என்று எனக்கே தெரியாது.”

“எல்லாரும் பாடுகிற பல்லவிதான் இது. எட்டு தாராளம்!” அமைச்சர் ராஜா பக்கம் திரும்பினார். “இவனால் முடியாதென்றால் சொல்லட்டும், மகாராஜா. என் மருமகன் நாலே இரவில் கேட்டு வருவான். காவல் பொறுப்பையும் அவனிடமே கொடுத்துவிடலாம்.”

மருமகனுக்கு வடக்கு எது, தெற்கு எது என்று தெரியாது. அது ராஜாவுக்குத் தெரியாது.

“எட்டு இரவு முடிந்ததும் குரலோடு வா,” என்றார் ராஜா. “வெறுங்கையோடு வந்தால் வான்செவி வாசல் சாவியை அமைச்சரின் மருமகனிடம் கொடுத்துவிடு.”

குழைக்காதன் வான்செவிக்குத் திரும்பினான். எட்டு இரவும் கேட்டான். காய்ந்த எண்ணெயில் அப்பளம் போட்டாற்போல் ஒரே இரைச்சல். உள்ளே ஏதோ இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. மடியில் சாவி கனத்தது. அப்புறம் என்ன தோன்றியதோ, தனக்குத்தானே சிரித்துக்கொண்டான்.

சபை கூடியது.

“கேட்டதா?” என்றார் ராஜா.

“கேட்டது, மகாராஜா. இங்கே சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.”

“அட, சும்மா சொல்லப்பா!”

“‘சண்பகராயரை வீட்டுக்கு அனுப்பு. மருமகனையும் கூடவே அனுப்பு.’ என் காதில் இப்படித்தான் விழுந்தது.”

அமைச்சர் துள்ளி எழுந்தார். “புளுகு! அப்பட்டமான புளுகு!”

“எட்டு இரவு தாராளம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், ஐயா? தாராளமாகக் கேட்டேன்.”

ராஜா தாடியைத் தடவினார். “பிறந்த நட்சத்திரமே சொல்கிறது, தட்ட முடியுமா? யாரங்கே, அமைச்சருக்குப் பல்லக்கு கொண்டு வா!”

“ஐயோ, மகாராஜா!” சண்பகராயரின் தலைப்பாகை நழுவியது. “எட்டு இரவில் எவனாலும் எதையும் கேட்க முடியாது! அதெல்லாம் இரைச்சல்! இவனே சொன்னானே! பதினாறு இரவாவது வேண்டும்... இல்லை, இல்லை, முப்பத்திரண்டு இரவு வேண்டும்!”

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“குழைக்காதா, சாவி உன்னிடமே இருக்கட்டும். அமைச்சர் வாயாலேயே வந்துவிட்டது, முப்பத்திரண்டு இரவும் உனக்குத்தான்!”

குழைக்காதன் பணிவாகக் கும்பிட்டான்.

“எதற்கு, மகாராஜா? வழக்கம்போல் பாதியாக வெட்டிக் கொடுங்கள், போதும்.”