ஆற்றுப் பக்கக் கண்ணாடி

அவசரமில்லாமல் கேளுங்கள். முடிவில் உங்களிடம் ஒன்று கேட்பேன். அதற்கு வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே கிடக்கிறது.

ஒன்ராறியோவின் வடக்கே, மாசி மாதத்தில் முழுக்க உறைந்துபோகும் ஓர் ஏரி. சனி, ஞாயிறுகளில் அதன் மேல் ஓர் ஊரே குடியேறிவிடும். வலப்பக்கக் கரையை ஒட்டிக் கூடாரம் கூடாரமாக நட்டு, பனிக்கட்டியில் துளை போட்டு, தூண்டிலை இறக்கிவிட்டு ஆட்கள் குந்தியிருப்பார்கள். அத்தனை பேருக்கும் விழுவது விரல் நீளப் பேர்ச் மீன்.

யூஜினுக்கு அது போதவில்லை. உடம்பில் கரும்பட்டை போட்ட, முழங்கை நீளப் பேர்ச் நிற்கும் இடத்தை அவன் கண்டுவைத்திருந்தான். ஏரியின் இடப்பக்கத்தில் ஓர் ஆறு வந்து விழுகிறது. ஓடும் நீர் சரியாக உறைவதில்லை. ஆற்று வாய்க்கு முன்னால் பனிக்கட்டி அப்பளம்போல் மெல்லியதாக இருக்கும். மேலே வெண்பனி மூடிவிடுவதால் பார்வைக்குத் தெரியாது. அந்த நீரோட்டம் போய் முடிகிற தூரத்து விளிம்பில்தான் பெரிய மீன் இரைக்காக நிற்கும். மெல்லிய பனிக்கட்டிக்குப் பயந்து அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

அன்று அவனோடு மனைவி மெற்றில்டாவும், கைக்குழந்தையும், தம்பி வின்சனும் வந்திருந்தார்கள். ஆற்றுக்குத் தள்ளி, படகு இறக்கும் சரிவில், ஏரியைப் பார்த்தபடி காரை நிறுத்தினான் யூஜின்.

"இஞ்சயிருந்து நேர போய் நேர வருவன். இந்த வழி கல்லு மாதிரி. இருட்டினால் ஹெட்லைற்றைப் போட்டுவிடும், அதைப் பார்த்துத்தான் நடப்பன். நான் வந்து கண்ணாடியில தட்டுறவரைக்கும் நூர்க்காதையும். ஆர் கேட்டாலும் நூர்க்காதையும்."

"நீங்கள் கேட்டாலுமோ?" என்று சிரித்தாள் மெற்றில்டா.

"நான் கேட்டாலும்தான்."

விளக்கை அணைப்பதில்லை என்று சத்தியம் வாங்க, அவள் கையை எடுத்துக் குழந்தையின் தலையில் வைத்தான். விளையாட்டுக்குத்தான். ஆனால் வைத்தது வைத்ததுதான். பிறகு மீன் சாமான்களை ஏற்றிய சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு வெண்மைக்குள் போனான்.

பின்னேரம் காற்று எழும்பியது. பனி கொட்டத் தொடங்கியது. வலப்பக்கத்துக் கூடாரங்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டு வீடு போயின. அந்தத் தூரத்தில் யூஜினின் போன் எடுபடவில்லை. சரிவில் அடித்த காற்று கதவிடுக்கால் உள்ளே புகுந்து குழந்தையை வீறிட வைத்தது. வின்சன் காரை எடுத்து, ஆற்றோரம் பூட்டிக் கிடந்த தேநீர்க் கடையின் சுவரோடு ஒதுக்கி, முகம் மறுபடியும் ஏரியைப் பார்க்கும்படி நிறுத்தினான். குழந்தை அடங்கியது. இருட்டியதும் விளக்கைப் போட்டார்கள்.

"பயப்பிடாதேங்கோ அண்ணி," என்றான் வின்சன். "ஒற்றை மீனை ஒன்பது கோணத்தில படம் எடுத்துக்கொண்டு நிப்பார்."

அவள் சிரிக்கவில்லை. ஆற்றுப் பக்கக் கண்ணாடிக்கு வெளியே ஒரு குரல் கேட்டது.

"மெற்றி, லைற்றை நூரும்."

யூஜினின் குரல். குளிரோ களைப்போ இல்லாத, தினமும் கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்கிற அதே குரல். அவள் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். வெளியே ஆள் இல்லை. பனி மழமழவென்று கிடந்தது. ஒரு காலடி இல்லை.

"கேட்டதோ வின்சன்? லைற்றை நூர்க்கச் சொல்லுறார்."

"என்னது? காத்து."

ஆனால் குழந்தை அந்தக் கண்ணாடிப் பக்கம் தலையைத் திருப்பி, தகப்பனிடம் தாவுவதுபோல் இரண்டு கைகளையும் நீட்டியது.

அவள் விளக்குச் சுவிட்சுக்குக் கையை நீட்டினாள். வின்சன் அதைக் கையால் பொத்தினான். "ஒருத்தரும் தட்டேல்லை அண்ணி. பிள்ளையின்ர தலையில கை வச்சனீங்கள். ஆரோ சொன்னதெண்டு அண்ணாவை இருட்டுக்குள்ள விடப் போறீங்களோ?"

"மெற்றி, லைற்றை நூரும்."

இந்தத் தடவை குழந்தை சிரித்தது. மெற்றில்டா வின்சனின் கையைத் தள்ளிவிட்டு விளக்கை அணைத்தாள்.

அதற்குப் பிறகு ஒன்றுமே தெரியவில்லை. குழந்தை மூச்சு விடுகிறதா என்று அதன் நெஞ்சில் கையை வைத்தபடி இருந்தாள். வெகுநேரம் கழித்து, மற்றப் பக்கக் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள்.

யூஜின்தான். மூக்கு வரை சுற்றிய சால்வை தாடியோடு சேர்ந்து உறைந்து பலகையாகியிருந்தது. சூட்டில் அது இளகிய பிறகுதான் அவனால் வாய் திறக்க முடிந்தது.

"ஆர் லைற்றை நூர்த்தது?"

வின்சன் மெற்றில்டாவைப் பார்த்தான்.

"லைற்றைப் பார்த்து நேர வந்துகொண்டிருந்தனான். நூர்ந்த உடன நிண்டிட்டன். நிண்டால், காலுக்குக் கீழ தண்ணி ஓடுற சத்தம். வந்த அடியிலேயே பின்னால போய், போகேக்க பலகை இழுத்த தடத்தைக் கையால தடவிப் பிடிச்சுச் சரிவில கரையேறி, காரைக் காணாமல் கரையோட நடந்து வாறன்."

"நீங்கள்தானே நூர்க்கச் சொன்னீங்கள்," என்றாள் மெற்றில்டா.

யூஜின் மடியில் கிடந்த சால்வையைப் பார்த்தான். "நான் வாயே திறக்கேல்லையப்பா."

சத்தியம் வாங்கியவன் யூஜின். அதைக் காக்க நின்றவன் வின்சன். பிள்ளையின் தலையில் வைத்த கையாலேயே அதை முறித்தவள் மெற்றில்டா. மூவரில் யார் செய்தது சரி?

விடை: மெற்றில்டா. யூஜின் கேட்டது சரிவில் எரியும் விளக்கை. காற்றுக்கு ஒதுங்கிக் காரை ஆற்றோரம் கொண்டுபோன நேரமே அந்த வாக்கு முறிந்துவிட்டது. நல்ல மனதோடு முறித்தவன் வின்சன், அது அவனுக்கே தெரியவில்லை. அதன் பிறகு எரிந்த விளக்கு, ஆற்று வாயைக் காட்டி 'இதுதான் வழி' என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதை எரியவிட்டிருந்தால் வாக்கு இருந்திருக்கும், ஆள் இருந்திருக்கமாட்டான். சத்தியம் பிள்ளையைத் தொடாது.

குரல் யாருடையது என்று கேட்காதீர்கள்; அதற்கு விடை கதைக்குள் இல்லை. இப்போதும் படுக்கப் போகையில் கட்டிலிலிருந்து "மெற்றி, லைற்றை நூரும்" என்று கேட்கும். அவள் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு, முதலில் யூஜினின் வாயைப் பார்ப்பாள். பிறகு, குழந்தை எந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறது என்று பார்ப்பாள்.