ஒரு மணி போன்

ஆசிரியைக்கு வயது முப்பத்தொன்று. மாணவருக்கு ஐம்பத்தாறு.

ஆசிரியை ஜெபமலர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். மாணவர் சங்கரபாண்டி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஜெபமலர் பிறப்பதற்கு முன்பே அவர் வண்டி ஓட்டத் தொடங்கிவிட்டார். வகுப்புக்கு வந்த முதல் நாளே அதை மறக்காமல் சொல்லிவிட்டார். பாவம், அவர் நிலையில் யாராக இருந்தாலும் சொல்லத்தான் தோன்றும்.

வந்த காரணம் இதுதான். ஒரு மத்தியானம் பாலர் வகுப்புப் பிள்ளைகளை வீட்டில் விடப் போனவர், போனைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிப் பேசிக்கொண்டே சிக்னலைத் தாண்டினார். போலீஸ்காரர் கையைக் காட்டினார். லைசென்ஸை மூன்று மாதம் முடக்கிவிட்டார்கள். மறுபயிற்சி எடுத்து, ஆசிரியை கையெழுத்துப் போட்ட சான்றிதழைக் கொடுத்தால்தான் அது திரும்பக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் வேன் இல்லை. வேனை விட்டால் சங்கரபாண்டிக்கு வேறு வேலை எதுவும் தெரியாது.

மொத்தம் ஐந்து நாள் வகுப்பு. மூன்று நாள் நல்ல பிள்ளையாக உட்கார்ந்து விதிகளை எல்லாம் ஒப்பித்தார். நான்காம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கேன். கோவிச்சுக்கிடக் கூடாது.”

“கேளுங்க அண்ணாச்சி.”

“கண்ணு ரோட்டுல இருக்கு. காது போன்ல இருக்கு. ரெண்டும் வேற வேறதானே? முப்பத்தி நாலு வருசத்துல என் வண்டியில ஒரு கீறல் கெடையாது. எனக்கு எதுக்கு இந்தச் சட்டம்?”

“அன்னைக்கு யாரு கூப்பிட்டது?”

“வீட்டுலதான். தெனமும் ஒரு மணிக்குக் கூப்பிடுவா. சாப்ட்டியளான்னு கேப்பா. ம்னு சொல்லுவேன். அம்புட்டுதான் பேச்சு.”

“எடுக்கலன்னா?”

“பயந்துருவா.”

“நாளைக்கு மதினியையும் கூட்டிட்டு வாங்க” என்றார் ஜெபமலர்.

மறுநாள் சங்கரபாண்டியின் மனைவி சொர்ணத்தாய் மஞ்சள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். புருஷனுக்காகப் பரிந்து பேச வேண்டியதை எல்லாம் வழியிலேயே யோசித்து வைத்திருந்தார். பேச இடம் கொடுக்காமல் டீச்சர் அவரைப் பயிற்சிக் காரின் முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டார்.

பயிற்சிப் பள்ளிக்கு எதிரே குளம். குளத்தைச் சுற்றிக் கரை மேல் ரோடு. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பள்ளத்தில் வயல். எதிரில் ஒரு ஆட்டோ வந்தாலே ஒதுங்க இடம் தேட வேண்டும்.

“அண்ணாச்சி, நான் மதினியோட கரையை ஒரு சுத்து சுத்திட்டு வாரேன். நீங்க இங்க நின்னு எனக்கு போன் போடுங்க. சாப்ட்டியான்னு கேளுங்க. நான் எடுத்து ம்னு சொல்லுதேன்.”

“நெசமாவே எடுப்பியளா?”

“கண்ணு ரோட்டுல, காது போன்லதானே அண்ணாச்சி.”

போனை சொர்ணத்தாயின் கண்ணில் படும்படி முன்னால் வைத்துவிட்டு ஜெபமலர் காரை எடுத்தார்.

சங்கரபாண்டி தன் போனில் டீச்சர் பெயரைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டார். கார் முதல் வளைவுக்குப் போயிருந்தது. வளைவு தாண்டட்டும் என்று நினைத்தார். தாண்டியதும் ஆடுகள் வந்தன. ஆடு போகட்டும். ஆடு போனதும் மதகு வந்தது. அங்கே கைப்பிடிச் சுவர் இடிந்து கிடப்பது அவருக்குத் தெரியும். அதன் பிறகு நேர் ரோடுதான். ஆனால் எதிரே ஒரு பெண்பிள்ளை தட்டுத் தடுமாறி சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்தது. அக்கரையில் கார் ஜன்னலில் மஞ்சள் சேலை சின்னதாகத் தெரிந்தது.

எத்தனையோ தடவை அவரே வேன் ஓட்டிப் போன ரோடுதான் அது. அது இவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார்.

கார் வந்து நின்றது.

“ஏன் அண்ணாச்சி கூப்பிடல?”

“அவ உள்ள இருக்காளே.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. வேனில் அவர் முதுகுக்குப் பின்னால் தினமும் பதினாலு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

சொர்ணத்தாய் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். “கூப்பிட்டுறக் கூடாது, கூப்பிட்டுறக் கூடாதுன்னு கொளம் முழுக்கச் சாமி கும்பிட்டுக்கிட்டே வந்தேன்” என்றார். அப்புறம் தன் ஒரு மணி போன் ஞாபகம் வந்தவர் போல வாயை மூடிக்கொண்டார்.

ஜெபமலர் தன் போனைக் காட்டினார். அது அணைந்து கிடந்தது.

“ஏறும்போதே ஆஃப் பண்ணிட்டேன் மதினி. இல்லன்னா அண்ணாச்சி லைசென்ஸ் வரும், என் லைசென்ஸ் போயிரும்லா.”

மூவரும் சிரித்தார்கள். டீச்சர் சான்றிதழை எடுத்து, கார் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

“இனிமே நான் ஒரு மணிக்குக் கூப்பிட மாட்டேன்” என்றார் சொர்ணத்தாய்.

சங்கரபாண்டி சான்றிதழை வாங்கிய பிறகும் நகரவில்லை.

“கூப்பிட மாட்டா டீச்சர். ஆனா பயப்படாம இருப்பாளா? அதுக்கு என்ன செய்ய?”

“கடைசிப் பிள்ளையையும் எறக்கி விட்டுட்டு, வண்டியை ஓரமா நிறுத்தி, சாவியைக் கையில எடுத்துட்டு, நீங்க கூப்பிடுங்க.”

“நானா?”

“போன் வாங்கி எத்தனை வருசம் இருக்கும் அண்ணாச்சி?”

“பதினெட்டு இருக்கும்.”

“இந்தப் பதினெட்டு வருசத்துல, நீ சாப்ட்டியான்னு மதினிய ஒரு நாளாவது கேட்டிருக்கியளா?”

சங்கரபாண்டி மனைவியைப் பார்த்தார். சொர்ணத்தாய் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.